நாயோடு ஊர் சுற்ற: பழைய வட ஆற்காட்டில் கூட்டமில்லாத இடங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏலகிரி மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் பாதி தூரம் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் சுற்றுலா வேன், பின்னால் பைக் கூட்டம், நடுவில் எங்கள் கார். பின்சீட்டில் புலி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். புலி என்பது எங்கள் நாய். பழுப்பு உடம்பில் கறுப்புக் கோடு போட்ட நாட்டு நாய், 18 கிலோ. ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தால் கால் வைக்க இடமில்லை. போன வாசலில் எல்லாம் புலியைப் பார்த்ததும் கையை ஆட்டினார்கள். மூன்று மணி நேரப் பயணத்தில் அவன் மண்ணில் நடந்தது பத்தே நிமிடம்.

அன்றைக்குத்தான் புரிந்தது. நாய்க்குக் காட்சிமுனையும் வேண்டாம், படகும் வேண்டாம். கொஞ்சம் மண், நிழல், முகர்ந்து பார்க்கப் புது வாசனைகள், துரத்தி விரட்டாத மனிதர்கள், அவ்வளவுதான். இவை நம் பக்கம் ஏராளம். 1989-ல் திருவண்ணாமலையும் 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன்பிருந்த பழைய வட ஆற்காட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடும் தூரத்தில் ஏரிக்கரைகள், ஓரிரவு தங்கும் தூரத்தில் ஜவ்வாது மலை.

முதலில் வெள்ளோட்டம்

நேராக மலைக்குக் கிளம்பாதீர்கள். வீட்டிலிருந்து 20 நிமிடம் காரில் போய், எங்காவது வெட்டவெளியில் அரைமணி நடந்து, திரும்பி வாருங்கள். இதை நான்கைந்து முறை செய்தாலே உங்கள் நாயின் சுபாவம் தெரிந்துவிடும். காரில் எச்சில் ஒழுக விடுகிறதா, ஆட்டைக் கண்டால் இழுக்கிறதா, குழந்தைகள் ஓடிவந்தால் பின்வாங்குகிறதா, உறுமுகிறதா? உறுமுகிற நாயைப் புது ஊருக்குக் கூட்டிப்போவது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்கிற அநியாயம்.

வாந்திக்கு எளிய வழி, கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவது. தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். மலைப்பாதையில் நான்கு வளைவுக்கு ஒருமுறை, வண்டியை ஓரம் கட்ட இடமிருந்தால் நிறுத்துங்கள். கார் சீட்டில் மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டை மாட்டுங்கள். கழுத்துப்பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டவிடுவது படத்துக்கு அழகாக இருக்கும். கண்ணில் தூசியும் பூச்சியும் அடிக்கும்.

பூனை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், பூனையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பூனைக்கு ஊர் சுற்றும் ஆசை கிடையாது, ஊரே தன் வீடுதான் என்பது அதன் எண்ணம்.

ஊசியும் சீட்டும்

வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். ஏரி, குட்டை பக்கம் போகிறவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் பரவும் நோய் அது. மழைக்குப் பிறகு அதிகம், மனிதருக்கும் வரும். உண்ணி மருந்தைப் பயணத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதம் வரை வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தடுப்பூசி அட்டையின் மூலத்தைக் கையில் வையுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும். தங்கும் இடத்தில் கேட்பார்கள். நாய் யாரையாவது பிராண்டிவிட்டால் அந்த அட்டைதான் உங்களைக் காப்பாற்றும்.

சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி வர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்காக நாயை அந்தக் கூண்டில் அடைப்பதைவிட, நாலு பேர் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு வருவது மேல்.

எங்கே போகக் கூடாது

அமிர்தி உயிரியல் பூங்காவுக்கும் அதைச் சுற்றிய காட்டுக்கும் நாயைக் கொண்டுபோக வேண்டாம். காப்புக்காடு என்று பலகை இருக்கும் எந்த இடத்திலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். நாய் இருந்தால் அது வேட்டைக்கு வந்தது போலத் தெரியும், வனத்துறையினரைக் குறை சொல்ல முடியாது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள்ளும் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது; 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே அது இருக்கிறது. வேலூர்க் கோட்டை, மகேந்திரவாடிக் குடைவரை, வள்ளிமலைச் சமணக் குகைகள் எல்லாம் இதில் அடங்கும். கோயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் சாமி கும்பிட்டே ஆக வேண்டும் என்றால் முறை போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பாதி உள்ளே, மறுபாதி வெளியே புளியமரத்தடியில் நாயோடு. நாயைக் காரில் பூட்டிவிட்டு எல்லோரும் போவது மட்டும் கூடவே கூடாது. நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெளியைவிடச் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். வேலூர் வெயிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மோர்தானா அணையைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். குடியாத்தத்துக்கு மேற்கே, ஆந்திர எல்லையோரம், அழகான இடம்தான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம், யானை நடமாட்டம் உள்ள பகுதி. நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை திரும்பினால் ஓடிவந்து எசமானின் காலடியில் ஒளியும். பின்னாலேயே யானையும் வரும். அதனால் நாயில்லாத நாளில் போய்க்கொள்ளலாம்.

எங்கே போகலாம்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை என் முதல் தேர்வு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், வாலாஜாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. பாலாற்றிலிருந்து வரும் கால்வாய்தான் அதை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் கரைமேல் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்குக் கரையில் இருப்பவர்கள் நடைப்பயிற்சிக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் மட்டுமே. கரை நீளமானது, ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் நெல்வயல். நாய்க்கு நேராக நடக்க இதைவிடத் தோதான பாதை கிடையாது. கயிற்றை மட்டும் விடாதீர்கள், நாரையும் கொக்கும் இறங்கியிருக்கும். மதகுப் பக்கம் இழுவை அதிகம், அங்கே தண்ணீரில் இறங்கவிட வேண்டாம். ஒன்பது மணிக்கு வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டால், வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். பேடா உங்களுக்கு, நாய்க்கு அல்ல.

மாமண்டூர் இன்னொன்று. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில், ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் குன்றின் மேல், பக்கத்திலேயே சித்திரமேக தடாகம் என்று பழம்பெயர் கொண்ட பெரிய ஏரி. குடைவரைக்குள் நாய் போகக் கூடாது, அதையும் முறை போட்டுப் பாருங்கள். ஏரிக்கரைக்குத் தடையில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலூர் வரை வராமலேயே ஒரு நல்ல காலைப்பொழுது. இதே மாவட்டத்தில், படவேட்டுக்குப் பக்கத்தில் மலையடியில் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். அணையில் இருக்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடப்பது மரியாதை.

பாலாற்று மணலைப் பற்றி எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் ஆறு, அகலமான மணல்வெளி, நாய்க்குச் சொர்க்கம். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன, மழைக்குப் பிறகு அவை நிரம்பி ஆழம் தெரியாமல் கிடக்கும். 2021 நவம்பரில் ஆறு எப்படிப் பெருக்கெடுத்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். அப்புறம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றை எப்படிக் கெடுத்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. அந்தப் பகுதிகளில் தேங்கிய தண்ணீரை நாய் ஒரு வாய்கூட நக்கக் கூடாது. நடந்து முடித்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், நாய் பாதத்தை நக்கும்.

ஏலகிரியை விட மனம் வரவில்லையா? செவ்வாய், புதன் கிழமைகளில் போங்கள். அத்தனாவூர், புங்கனூர் பக்கம் நிற்காமல் நிலாவூர் பக்கம் போய்விடுங்கள். அதே குளிர், அதே பலாமரம், பாதிகூடக் கூட்டமில்லை.

ஓரிரவு தங்குவதென்றால் ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறலாம், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகவும் ஏறலாம். ஆலங்காயம் வழியில் காவலூர் வரும். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. வானாய்வகத்துக்குள் நாய்க்கு வேலையில்லை. ஆனால் அந்தத் தொலைநோக்கி அங்கே வந்ததற்குக் காரணமான இருட்டு மலை முழுவதும் இருக்கிறது. தங்கும் இடத்தின் முற்றத்தில் நாயைக் காலடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர், நாய்க்கும் ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விழா நடக்கும் நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள்.

பீமன் அருவிக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் மலையூர்களுக்கு இடையே போகும் சாலைகளில் நடங்கள். சாமை வயல்கள், பலா, புளி, இடையிடையே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்கிறவர்கள்.) முதல் தடவை போனபோது புலி ஒரு புதர் பக்கம் இழுத்துக்கொண்டு போக, நான் "புலி! புலி! இங்க வா!" என்று கத்தினேன். விறகுக்கட்டோடு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி கட்டைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும், "ஏம்பா, ஊர்ல வேற பேரே கெடைக்கலையா? மலைமேல வந்து இந்தப் பேரச் சொல்லியா கூப்புடுவ?" என்று பிடித்துக்கொண்டார். கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மலையில் அவன் பெயர் குட்டி.

தங்கும் இடத்திடம் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் நாய்ப்படம் போட்டிருப்பதை நம்பி ஒரு தடவை ஏமாந்தேன். போய் இறங்கியதும், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலியைக் காட்டி, "நாய் இங்க இருக்கலாம் சார்" என்றார்கள். இரவு ஏழு மணிக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை இறங்கினோம். இப்போதெல்லாம் போனிலேயே நேராகக் கேட்டுவிடுகிறேன். நாய் அறைக்குள் படுக்கலாமா? வளாகத்தில் ஏற்கெனவே நாய் இருக்கிறதா, இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களா? சுற்றுச்சுவர் முழுசா, பாதியா? கோழி, ஆடு வளர்க்கிறார்களா? நாய்க்குத் தனிக்கட்டணம் எவ்வளவு? பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

அறைக்குள் படுக்கலாமா என்பது செல்லம் கொஞ்சும் கேள்வி இல்லை. மலையிலும் மலையடியிலும் சிறுத்தை உண்டு, சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. இரவில் வெளியே கட்டிய நாய் தப்பிக்கவும் முடியாது. சாயங்காலம் இருட்டும் முன் கடைசி நடையை முடித்துவிடுங்கள். விடியலில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே வெளியே இறக்குங்கள்.

பையில் என்ன

தண்ணீர்தான் முதலில். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி என்பது வீட்டுக் கணக்கு. வெயிலில் நடந்தால் இரட்டிப்பு. புலிக்கு நான் மூன்று லிட்டர் கேன் தனியாக வைப்பேன். வழக்கமாகத் தின்னும் தீனி, அகலக் கிண்ணம், இரண்டு கயிறு (ஒன்று அறுந்தால் இன்னொன்று), பழைய போர்வை, துண்டு, மலம் அள்ளக் காகிதமும் பையும், முனை கூர்மையான சாமணம், கட்டுத்துணி, கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண். இவ்வளவு போதும்.

மார்ச் முதல் ஜூன் வரை சமவெளியில் எங்கும் போகாதீர்கள். மற்ற மாதங்களிலும் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயிலில் ஒரு கிலோமீட்டர்கூட நடத்த வேண்டாம்.

போன இடத்தில்

கயிற்றை அவிழ்க்காதீர்கள். எனக்குத் தெரிந்து அவிழ்த்துவிட்டவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "நம்ம நாய் ஒண்ணும் பண்ணாது." நாய் ஒன்றும் பண்ணாமல் இருக்கலாம், நிலம் பண்ணும். வட ஆற்காட்டு வயல்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் நிறைய, புல் மூடிக் கிடக்கும். மலையடி வயல்களில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடித்ததும் வெடிக்கும் உருண்டை அது. சட்டவிரோதம்தான், ஆனால் நாய் சட்டம் படித்துவிட்டு முகரப் போவதில்லை. தரையில் கிடக்கும் எதையும் வாயில் எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுப்பட்டியைக் கண்டால் பாதை மாறுங்கள். புலி ஒருமுறை கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு கோழியைக் கவ்விவிட்டான். கோழி பிழைக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்து நாயோடு வருகிறவரை அந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அதில் இருக்கிறது.

ஊர் நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள். உங்கள் நாயை உள்பக்கமாக இழுத்துக்கொண்டு, மெதுவாக, அவற்றின் எல்லையைக் கடந்துவிடுங்கள். குனிந்து கல் எடுப்பது போல் பாவனை செய்தாலே பாதி நின்றுவிடும். கடி பட்டுவிட்டால், நாயாக இருந்தாலும் ஆளாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ஆளுக்கு அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், அன்றே போய்விடுங்கள். நாய்க்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழியில் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவீர்கள், தெரியும். வாசனைக்கு நாய் துடித்துப்போகும். வெங்காயம், பூண்டு இரண்டும் நாய்க்கு விஷம், இரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணியில் இந்த மூன்றும் இருக்கின்றன, எண்ணெய்க் கத்திரிக்காயும் வேண்டாம். தாளிக்காத வெறும் தயிர்சாதம் அதற்குப் போதும். திராட்சையும் சாக்லேட்டும் எப்போதுமே ஆகாது.

ஏதாவது ஆகிவிட்டால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூச்சு இரைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வயிறு, தொடையிடுக்கு நன்றாக நனைய வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குப் போனில் கேட்டுக்கொண்டே போங்கள்.

இதற்காகத்தான் கிளம்பும் முன்பே, போகிற ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையின் எண்ணையும், வேலூரில் இரவிலும் போனை எடுக்கும் ஒரு தனியார் மருத்துவரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை ஊர்தி பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கானது, ஆனாலும் பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறார் என்று கேட்கலாம்.

வீடு திரும்பிய இரவு

குளிப்பாட்டும் முன் வெளிச்சத்தில் உட்காருங்கள். காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், வாலின் அடி, பிறகு பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரலிடுக்குகள். விரல்நுனியால் மயிருக்கு எதிர்ப்பக்கமாகத் தடவினால் மிளகு போல ஒன்று தட்டுப்படும், அதுதான் உண்ணி. சாமணத்தைத் தோலை ஒட்டி வைத்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய், சூடு எதுவும் வைக்காதீர்கள். பிடுங்கியதை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். நெருஞ்சி முள்ளும் ஊசிப்புல்லும் விரலிடுக்கில் ஏறியிருக்கும், அதையும் அப்போதே எடுத்துவிடுங்கள். விட்டால் உள்ளே நகர்ந்து சீழ் வைக்கும்.

அடுத்த மூன்று வாரம் நாய் சாப்பாட்டை மறுக்கிறதா, சோர்ந்து படுக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் உடனே தெரியாது. மருத்துவரிடம் போகும்போது எந்தத் தேதியில் எந்த மலைக்குப் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். போன ஜனவரியில் ஜவ்வாது மலையிலிருந்து திரும்பிய இரவு, புலியின் இடது காதில் நான்கு, பின்னங்கால் விரலிடுக்கில் இரண்டு, ஆக ஆறு கிடைத்தன. ஏழாவது என் கணுக்காலில் இருந்தது.